மூன்றாவது பொட்டலம்

எனக்குக் கடவுள் இல்லாமல் போனது இருபத்து மூன்று வயதில். பெரிய புத்தகமெல்லாம் படித்து வந்த ஞானம் இல்லை. நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணை நீடாமங்கலத்தில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் ஊர் மாரியம்மனைச் சுற்றியிருந்தேன். கல்யாணப் பத்திரிகை வந்த அன்றோடு அம்மன் வெறும் கல். பிறகு முப்பது வருடம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கோயிலுக்குப் போகிறவர்களைக் கிண்டல் செய்தேன். அதற்குப் பகுத்தறிவு என்று பேர் வைத்துக்கொண்டேன். வீம்பு, வேறொன்றுமில்லை.

நாலு வருடத்துக்கு முன்பு, குறுவை அறுவடை சமயத்தில், அப்பாவுக்கு இதய வால்வு கெட்டுப்போனது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், வயதானவர் என்பதால் ஆபத்தும் உண்டு, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஆசை இருந்தது. "பேத்தி கல்யாணத்தப் பாத்துட்டுப் போறேனேப்பா" என்றார். எனக்குத்தான் இல்லை. ஏற்கெனவே நடமாட்டம் குறைந்துபோனவரை இரண்டு வருடமாகக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, துணி மாற்றிச் சலித்துப் போயிருந்தேன். இன்னும் பத்து வருடமா என்று பயந்தேன். பெற்ற தகப்பனிடம் இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"அம்மன்கிட்ட பூப்போட்டுப் பாத்துடுவோம்ப்பா" என்றேன். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

பூசாரி வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"மனசு ஒரு நெலையில இல்லைங்க. இன்னொரு தடவ போடுங்க" என்றேன்.

மறுபடியும் வெள்ளை.

"மூணு தடவ பாக்கறதுதானுங்களே முறை?"

அவர் மறுபடி மடித்துப் போட்டார். மூன்றாவது சிவப்பு.

"இதுல எதங்க எடுத்துக்கிறது?" என்று கேட்டார்.

"கடைசியா வந்ததுதாங்க வாக்கு."

வீட்டில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒரே தடவையில வந்துச்சா?"

"ஆமாப்பா."

"அப்ப சரி. ஆத்தாளே சொல்லிட்டா, அப்புறம் என்ன" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சம்பா நடவு முடிவதற்குள் போய்விட்டார்.

இப்போது நான் அம்மனுக்கு விளக்குப் போடாமல் காபி குடிப்பதில்லை. அப்பா போனதும் ஆளு திருந்திட்டாரு என்று ஊர் சொல்கிறது. டீக்கடைக் கூட்டாளி ஒருவன் மட்டும் விடாமல் கேட்டான். "ஏன்யா, நெசமாவே சாமி இருக்குங்கிறியா?"

"இருக்கு" என்றேன். இருந்தே ஆக வேண்டும். அவள் இல்லையென்றால், அப்பாவைச் சாகவிட்டது நான்.