கேப்ரியலின் சிமெண்ட் சிலைகள்

லாபு தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுவதுதான் என் வீட்டுக்காரர் கேப்ரியலுக்கு வேலை. டிசம்பர் வந்தால் போதும், சிமெண்டைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாதா கோயில் கிறிஸ்மஸ் குடிலுக்குச் சிலை செய்கிறாராம்! மாடு நாய் மாதிரி இருக்கும். சூசையப்பர் கழுதையைவிடக் குட்டை. கடையில் வாங்கித் தொலைங்க என்றால், "நம்ம கையால செஞ்சாத்தான் சாமிக்குப் புடிக்கும்லா" என்பார்.

இந்த வருஷம் புதிதாக ஒருத்தி, இடுப்பில் கை வைத்து, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள்.

"இது யாருங்க?"

"மாதாவுக்கு இடமில்லைன்னு வெரட்டின சத்திரக்காரி."

குடில் பார்க்க வந்தவர்கள் மாடு எது, கழுதை எது என்று கேட்டார்கள். சத்திரக்காரி யாரென்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.