புதுக்கணக்குத் தட்டும் விசாலாட்சி அண்ணியும்

மாதக் கடைசி. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கூட்டிப் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடிவந்தார். எங்கள் தெருவில் டெலிபோன் இருப்பது அவர் வீட்டில் மட்டும்தான்.

"கஸ்தூரி, திண்டிவனத்துலேர்ந்து போனு. உங்க நாத்தனாரு..." என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில எழுந்து காபி குடிச்சிட்டு மில்லுக்குக் கிளம்பிக்கினு இருந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார்.

அழுகை உடனே வரவில்லை. முகம் சுட்டது. அந்தச் சூடு எனக்குப் பழக்கமானது. அண்ணியை நினைக்கும்போதெல்லாம் அன்புக்கும் மரியாதைக்கும் முன்னால் அதுதான் வந்து நிற்கும். கோயில் மகளிர் குழுவினர் இந்த மாத மலருக்கு அண்ணியைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் படிப்பார்கள். எழுதுவதானால் அந்தச் சூட்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

விசாலாட்சி அண்ணி என் கணவரின் மூத்த சகோதரி; நாத்தனாரை அண்ணி என்றுதான் எங்கள் வீட்டில் அழைப்போம். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய் மில் நடத்திவந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் கணவர் காலமானார். மில்லை விற்றுவிடச் சொன்னவர்களிடம், "வித்துட்டு நான் உக்காந்து இன்னா பண்றது? சுவத்த பார்த்துக்கினு இருக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மில்லுக்குப் போனவர். அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இரண்டு டைரக்டர்கள் இருந்தாக வேண்டும் என்றார்கள். என் பெயரை எழுதி, கொஞ்சம் பங்கும் கொடுத்தார்கள். ஆண்டுக்கொருமுறை கணக்கு வரும். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவேன். வீட்டுக் கணக்கில் ஐந்து பைசா உதைத்தால் உலை வைக்காமல் தேடுகிறவள் நான். அந்தக் கணக்கை ஒருமுறையும் படித்ததில்லை. ஓரங்களில் குங்குமம் வைத்து அம்மன் பாதத்திலிருந்து எடுத்துத் தருவார்கள். அதற்குமேல் பார்ப்பது அபச்சாரம் என்று நினைத்தேன்.

எனக்கு இருந்த இன்னொரு வேலை சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் பூஜை. அண்ணி கணவரை இழந்தவர் என்பதால் அவர் தீபாராதனை காட்டலாகாது என்று குடும்பத்தில் சொல்லிவிட்டார்கள். விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய் நான்தான் காட்டுவேன். அன்று மகாலட்சுமி படத்தின் முன்னால் பெரிய பித்தளைத் தட்டில் பணம் நிறைந்திருக்க வேண்டும். புதுக்கணக்கை வெறும் தட்டோடு தொடங்கினால் வருடம் முழுக்க வெறுமையாகப் போகும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

ஆனால் அந்த மாதத்தில் மில்லில் பணம் இருக்காது. கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கும் காலம் அது. விவசாயிகளுக்குக் கையில் பணம் வைக்க வேண்டும். எண்ணெயும் பிண்ணாக்கும் வாங்கிய வியாபாரிகளோ மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே பக்கத்து அரிசி மண்டிக்காரரிடம் காலையில் வாங்கித் தட்டை நிரப்பி, மாலையில் திருப்பிக் கொடுப்போம். அவர் நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. "லட்சுமி ஒரு நா மாமியார் வூட்டுக்கு வந்துட்டுப் போறா. பத்திரமா அனுப்பி வைங்க" என்பார். சிரிப்போம். பூஜைக்கு வந்தவர்கள் தட்டைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு தங்கள் சேமிப்பை மில்லில் டெபாசிட் போடுவார்கள்.

அப்படிப் போட்டவர்களில் ஒருவர் செல்லம்மா. விழுப்புரத்தில் கோயில் வாசலில் பூ விற்பவர். போடச் சொன்னது நான். மகள் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த மூவாயிரம் ரூபாய். "எங்க வேணாலும் போடலாம் யக்கா, நீ சொல்றன்னுதான் போடறேன்" என்றார். பங்குனியில் கெடு முடிந்தது. வைகாசியில் கல்யாணம்.

அந்த வருடம் மில்லில் இதுவரை காணாத இலாபம் என்று கணக்கு வந்திருந்தது. பங்குதாரர்களுக்கு இலாபப் பங்கு கொடுத்தார்கள். என் பங்கில் ஒரு ஜோடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். முந்தின வருடமே பணம் கட்டியிருந்த இரண்டாவது புது இயந்திரமும் வந்து நின்றது. சித்திரைப் பூஜையன்று அந்த வளையல் கையால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது செல்லம்மா உள்ளே வந்தார். விவசாயிகள், ஆலையில் வேலை செய்கிறவர்கள், டெபாசிட் போட்டவர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. செல்லம்மா தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல நாளாப் பார்த்து வந்தேன் யக்கா. எம் பணத்த குடுத்துட்டா அப்படியே ஜவுளி எடுத்துக்கினு போயிடுவேன்."

அண்ணி வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தட்டில் இருப்பது மண்டிக்காரர் பணம் என்பது எனக்குத் தெரியும். என்ன சொல்வதென்று தெரியாமல், நான் சொன்னது இது:

"வருஷப் பொறப்பும் அதுவுமா லட்சுமிய வெளியே அனுப்பக் கூடாது செல்லம்மா. அம்மா கோவிச்சுக்குவா. அடுத்த வாரம் வா."

செல்லம்மா என்னை நம்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆமா யக்கா, நாந்தான் யோசிக்காம கேட்டுட்டேன்" என்று திரும்பினார். அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. திருவாமாத்தூர் அம்மன் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள். மாதம் தவறாமல் அந்தக் கோயிலுக்குப் போகிறவள் நான். எரிகிற கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மன் பெயரில் பொய் சொன்னேன்.

அண்ணி கேட்டுவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கஸ்தூரி, அவ பேர இழுக்காதே" என்றார். பிறகு செல்லம்மாவிடம், கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இது எங்க பணம் இல்லம்மா. மண்டிக்காரர்கிட்ட வாங்கி வெச்சது. சாயந்திரம் திருப்பிக் குடுக்கணும். உனக்குக் குடுக்க எங்கிட்ட இப்ப பணம் இல்ல. கல்யாணத்துக்குள்ள குடுத்துடறேன்."

"அப்ப எதுக்கும்மா தட்டுல வெச்சீங்க?" என்றார் செல்லம்மா.

"இவ்ளோ லாபம்னு சொன்னாங்களே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கற்பூரம் தானாக அணைந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பொங்கல் அப்படியே இருந்தது.

கூடம் காலியானபின் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அண்ணி தட்டுப் பணத்தை எண்ணிக் கட்டிக்கொண்டே, "நீ ஒரு பொய்யி சொன்ன. நான் வருஷா வருஷம் ஊரைக் கூட்டி உக்கார வெச்சு ஒரு பொய்யக் காட்டிக்கினு இருந்தேன். தட்டே பொய்யி" என்றார்.

மறுநாள் அண்ணி ஆடிட்டரை வரவழைத்தார். என்னையும் ஊருக்குப் போகவிடவில்லை. "நீயும் டைரக்டர்தானே, உக்காரு." பிறகு ஆடிட்டரிடம் ஒரே கேள்வி: "நாப்பதாயிரம் லாபம்னு எழுதிக் குடுத்தீங்க ஐயா. அது எங்க இருக்குது?"

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "லாபம் எவ்வளவுன்னுதான் எல்லாரும் கேட்டீங்க. பணம் எங்கன்னு நீங்கதான் முதல்ல கேக்குறீங்க" என்று சொல்லி ஒரு தாளை எடுத்தார். நாற்பதாயிரம் இலாபத்தில் தொடங்கினார். தேய்மானம் என்று பத்தாயிரம் செலவில் எழுதியிருந்தது. இயந்திரம் தேய்ந்ததற்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லையே, ஆகவே அதைத் திரும்பக் கூட்டினார். ஐம்பது. வியாபாரிகள் தரவேண்டிய பாக்கி போன வருடத்தைவிட அறுபதாயிரம் ஏறியிருந்தது. விற்பனை என்று எழுதிவிட்டோம், பணம் வரவில்லை. கழித்தார். குடோனில் சரக்கு இருபத்தைந்தாயிரத்துக்குக் கூடியிருந்தது. அதற்கும் பணம் போய்விட்டது. கழித்தார். நாம் பிறருக்குக் கொடுக்காமல் வைத்திருந்த பாக்கி ஐயாயிரம் கூடியிருந்தது. கூட்டினார். கடைசியில் முப்பதாயிரம் நின்றது. அதற்கு முன்னால் கழித்தல் குறி.

"அதாவது?" என்றார் அண்ணி.

"மில்லு ஓடுனதால கைக்கு ஒண்ணும் வரலீங்க. முப்பதாயிரம் கையை விட்டுத்தான் போயிருக்கு. எவ்வளவு அதிகமா விக்கிறீங்களோ, இந்தக் கடன் கெடுவுல அவ்வளவு அதிகமா இழுக்கும்."

"அப்போ நாங்க எடுத்துக்கினு போன பதினஞ்சாயிரம் லாபப் பங்கு?"

"இந்த வருஷம் புதுசா டெபாசிட் வந்தது நாப்பத்தஞ்சாயிரம். முப்பது, மில்லு ஓட்டையை அடைச்சுது. மிச்சம் பதினஞ்சு."

அண்ணி என் கையைப் பார்த்தார். செல்லம்மா போன்றவர்கள் போட்ட காசு என் கையில் வளையலாகக் கிடந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். கைக்கு வராததை என் வீட்டுக் கணக்கில் வரவு என்று நான் எழுதியதே இல்லை. அடுத்த வீட்டுக்காரர் தருகிறேன் என்றால், தந்த பிறகுதான் எழுதுவேன். இந்தச் சின்ன விஷயத்தை மில்லில் கேட்க ஏன் தோன்றவில்லை? கேட்டிருந்தால் வளையல் வந்திருக்காது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரமே மில் வாசலில் டெபாசிட்காரர்கள் கூடிவிட்டார்கள். அண்ணி ஒளியவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உட்காரவைத்து, எப்போது தர முடியும் என்பதைச் சொன்னார். சிலர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. புது இயந்திரத்தை வந்த விலைக்கு விற்றார். வைகாசி பிறக்கும் முன், என்னையும் அழைத்துக்கொண்டு விழுப்புரத்தில் செல்லம்மா வீட்டுக்கே போய்ப் பணத்தைக் கையில் கொடுத்தார்.

செல்லம்மா எண்ணிவிட்டு, "இது யாரு பணம்மா? உங்களுதா, மண்டிக்காரருதா?" என்றார்.

நான் தலை குனிந்துகொண்டேன். அண்ணி சிரித்துவிட்டார். "மிஷின வித்த பணம். இதுவும் தொழில்ல சம்பாரிச்சதுன்னு சொல்லிக்க முடியாது. ஆனா யாரும் திருப்பிக் கேக்கமாட்டாங்க, தைரியமா செலவு பண்ணு."

என் வளையல்களைக் கழற்றிக் கொடுக்க எனக்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆயின. அதற்குள் அண்ணி தன் கழுத்துச் சங்கிலியை விற்றிருந்தார். என்னிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதன்பின் அவர் மில்லை நடத்திய விதமே மாறியது. பெரிய வியாபாரிகளுக்குக் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தினார். விவசாயிகள் கொண்டுவரும் மல்லாட்டையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுத்தார். பிண்ணாக்கைக் கைமேல் காசுக்கு விற்றார். விற்பனை பாதியாயிற்று. மில்லுக்குக் கேடு காலம் என்று ஊரில் பேசினார்கள். "வித்தாச்சுன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. காசு வந்துச்சான்னு சொல்லுங்க" என்பார் வேலையாட்களிடம். ஆடிட்டர் வந்தால் இலாபத்தைக் கேட்கும் முன் அந்த ஒற்றைத் தாளைக் கேட்பார். சில வருடங்களில் டெபாசிட் பாக்கி முழுவதும் தீர்ந்தது.

செல்லம்மா வந்துபோனதற்கு அடுத்த சித்திரையில் தட்டில் இருந்தது கொஞ்சம் பணம். சில நோட்டுகள், மீதி சில்லறை. மண்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னா விசாலாட்சியம்மா, லட்சுமிக்கு பஸ்ஸுக்குச் சில்லற குடுத்து அனுப்புறீங்களா?" என்றார்.

"இல்லீங்க. இங்கயே தங்கறா. சாயந்திரம் யாரும் வந்து இட்டுக்கினு போகமாட்டாங்க" என்றார் அண்ணி.

கற்பூரத் தட்டை என்னிடம் நீட்டினார். போன வருடம் கற்பூரத்தை ஏந்திப் பொய் சொன்ன கை என்னுடையது. எனக்கு எடுக்க வரவில்லை. "நீங்களே காட்டுங்க அண்ணி" என்றேன். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணி கற்பூரத்தை ஏற்றினார். பிறகு தானே காட்டினார். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அவர்தான் காட்டினார்.

அண்ணி போன அன்று திண்டிவனத்து வீட்டு முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். என் கணவர் காரியங்களுக்கு ஏற்பாடு செய்ய வெளியே போயிருந்தார். விழுப்புரம் பஸ்ஸில் செல்லம்மா வந்தார். ஈரத்துணி போட்டு மூடிய கூடை. உள்ளே சம்பங்கி மாலை, ஆள் உயரத்துக்கு. பணம் வாங்கிக்கொள்ளமாட்டார் என்று நினைத்தேன். எனினும் கேட்டேன்.

"குடு யக்கா, வாங்கிக்கிறேன்" என்றார் செல்லம்மா. "அந்தம்மா பேருல பாக்கி நிக்கக் கூடாது."

கை முந்தானை முடிச்சுக்குப் போனது. காலையில் முடிந்த பணம் அப்படியே இருந்தது. அது பால்காரருக்கு எண்ணி வைத்தது. அவிழ்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பக்கத்தில் அண்ணி கண்மூடிக் கிடந்தார்.

"செல்லம்மா, இது பால்காரருக்கு வெச்ச பணம். என் பணமா எங்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல. அவர் வந்ததும் வாங்கித் தர்றேன்" என்றேன்.

செல்லம்மா என் முகத்தைப் பார்த்தார். அன்றைய சித்திரை அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "சரி யக்கா" என்று மட்டும் சொல்லி மாலையை அண்ணியின் மேல் சாத்திவிட்டு, தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

உடலை எடுக்கும் முன்பே என் கணவர் வந்துவிட்டார். வாங்கிக் கொடுத்தேன். செல்லம்மா எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அண்ணியின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடிந்தது.

மாலைக்குப் பணம் கொடுத்தாயிற்று அண்ணி. நம் பணம்தான். போய் வாருங்கள்.