கேக்கக்காவின் ஓவன் விளக்கு

தட்டை உள்ளே வைத்து ஓவனின் கதவைச் சாத்தியதும், கேக்கக்கா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் கண்ணாடிக்கு எதிரே அமர்ந்துவிடுகிறார். இரு கைகளும் முழங்கால்களின் மேல் இருக்கும். மாவு உப்பி, நடுவில் மேடிட்டு, ஓரங்கள் தட்டைவிட்டு விலகும் வரை அவர் எழுவதில்லை. தொலைபேசி ஒலித்தால் ஒலித்து ஓயும். யாரேனும் வாயிலில் அழைத்தால், "திறந்துதான் இருக்கு, வாங்க" என்று திரும்பாமலேயே சொல்வார். சுவரில் கடிகாரமும் ஓவனிலேயே ஒரு மணியும் இருக்க, இந்தக் காவல் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மணி அதோட நேரத்தைச் சொல்லும் சார். வெந்துச்சா இல்லையான்னு கேக்குதான் சொல்லணும்" என்றார்.

கேக்கக்கா என்பது எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் சூட்டிய பெயர். இப்போது பெரியவர்களும் அப்படியே அழைக்கிறோம். ஐம்பதைக் கடந்தவர், கணவர் மறைந்த பின் என் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் தனியாக வாழ்கிறார். மூக்கின்மேல் ஒரு கண்ணாடியும் தலைமேல் ஒரு கண்ணாடியும் எப்போதும் இருக்கும். எது எதற்கு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நாள்தோறும் பிற்பகலில் இரண்டு கேக்குகள் செய்து தெருமுனை பேக்கரிக்குக் கொடுக்கிறார். மாவு உயரத் தாமதித்தால், "எந்திரி, எந்திரி, விடிஞ்சாச்சு" என்று கண்ணாடியைப் பார்த்து அதட்டுவார். எடைகளையும் அளவைகளையும் சோதிக்கும் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான் என்பதால், என்னைக் கண்டவுடன், "சார் வந்துட்டாரு, முட்டையெல்லாம் நேரா நில்லுங்க" என்பார்.

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் அந்த ஓவனின் உள்விளக்கு அணைந்துபோனது.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு கேக்கைத் தட்டோடு ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதன் நடுப்பகுதி குழிந்து உள்வாங்கியிருந்தது.

"பாத்தீங்களா சார், குளம் வெட்டின மாதிரி இருக்கு. பாதி வேக்காட்டுல கதவைத் திறந்து பாத்துட்டேன். காத்து பட்டதும் உக்காந்துடுச்சு. பேக்கரிக்காரரு ஒண்ணைத் திருப்பியே அனுப்பிட்டாரு."

"திறப்பானேன்? கண்ணாடி வழியாகவே பார்க்கலாமே?"

"லைட்டு இல்லாம கண்ணாடியில கேக் எங்க சார் தெரியுது? கதவுதான் தெரியுது."

"எந்தக் கதவு?"

"என் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டோர் ரூம் கதவு. சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் உக்கார்றேன். கண்ணாடியில அது திறந்திருக்கு."

பால் திரிந்துவிட்டது என்று சொல்லும் குரலில்தான் இதைச் சொன்னார்.

அவருடைய சமையலறை நீண்டு ஒடுங்கியது. ஒரு கோடியில் ஓவன். மறுகோடியில் மாவு மூட்டைகளும் டப்பாக்களும் வைக்கும் சிற்றறை. அந்த அறைக்குச் சன்னல் இல்லை. வேறு வழியும் இல்லை. நான் மேலே சென்று முக்காலியில் அமர்ந்து பார்த்தேன். உள்ளே ஒளி இருக்கும்வரை ஓவனின் கண்ணாடி சன்னலாக இருக்கிறது. உள்ளே இருண்டுவிட்டால் அதுவே முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது. என் தலைக்குப் பின்னால் அலமாரி தெரிந்தது, காலண்டர் தெரிந்தது, தொங்கும் கரண்டிகள் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் கதவு ஒரு சாண் அளவு திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போட்டிருந்தது. மீண்டும் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு சாண்.

ஓவன் கதவில் இரண்டு கண்ணாடித் தகடுகள் உண்டென்றும், ஒன்றில் விழும் பிம்பம் மற்றொன்றில் சற்று விலகி விழக்கூடும் என்றும், அந்த விலகலே திறப்பாகத் தோன்றுகிறது என்றும் எடுத்துரைத்தேன். அவர் மரியாதையுடன் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க சார். அப்போ காலண்டர் ஏன் விலகாம இருக்கு?"

நான் காலண்டரின் பிம்பத்தை மறுபடி பார்க்கும்போதே அவர் தொடர்ந்தார்: "நெசக் கதவை நானே முழுசாத் திறந்து வெச்சும் பாத்துட்டேன். கண்ணாடியில அது பாட்டுக்கு அந்த ஒரு சாண்லயே நிக்குது. மொத நாள் ஒரு விரல்தான் இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். டார்ச் அடிச்சா கேக் தெரியல. பின்னாடி இருக்கிறதுதான் இன்னும் நல்லாத் தெரியுது."

அந்தக் கதவைத் திறப்பது யாரென்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் தம் வீட்டில் மறைந்தோரை எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிறுத்திப் பார்த்திருந்தார். "என் வீட்டுக்காரரா இருந்தா இந்நேரம் டீ கேட்டிருப்பாரு. மாமியார்னா கதவுகிட்ட எல்லாம் நின்னுட்டிருக்க மாட்டாங்க, நேரா வந்து சர்க்கரை டப்பாவைத் திறந்து அளவு பாப்பாங்க. யாருன்னு தெரிஞ்சா பயம் எதுக்கு சார்?"

இந்தச் செய்தி அவருடைய தம்பிக்கு எட்டியதுதான் வினையாயிற்று. தம்பி அதே ஊரின் மறுபக்கத்தில் வசிப்பவர். அக்காவின்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனாலேயே அதட்டிப் பேசுபவர். தொலைபேசியில் அவர் குரல் சமையலறை முழுவதும் கேட்டது.

"அக்கா, தனியா இருந்து இருந்து உன் மூளையும் அந்த ஓவன்லயே வெந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன். பெட்டியைக் கட்டி வை."

"உன் வீட்டுல ஓவன் வைக்க இடம் இருக்காடா?"

"உனக்குக் கட்டில் போட இடம் இருக்கு."

"கட்டில்ல உக்காந்துக்கிட்டு என்ன பண்ணச் சொல்ற? சுவத்தைப் பாக்கவா?"

"இங்க மட்டும் என்ன பண்றியாம்? ஓவனைப் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருக்க."

இணைப்பைத் துண்டித்த பின் கேக்கக்கா நெடுநேரம் மாவுச் சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு பல்பு சார். ஒரு பல்பு எரிஞ்சா நான் இந்த வீட்டுல இருக்கலாம். எரியலைன்னா என்னைத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். அவருக்கு அந்தக் கதவைவிட அந்தக் கட்டில் அதிக அச்சம் தந்தது என்றே எனக்குத் தோன்றியது.

அவர் முதலில் வாங்கிவந்த பல்பு, திருகும் பகுதி பெரிதாக இருந்ததால் துளைக்குள் நுழையவே இல்லை. அடுத்தது திருகாமல் முள்ளில் மாட்டும் வகை. மூன்றாவதாக எலெக்ட்ரிக் கடைக்காரர், "அக்கா, இது கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்று கொடுத்த பல்பு கச்சிதமாகப் பொருந்தியது, எரியவும் எரிந்தது. கேக்கக்கா அன்று கேக்குக்கு முன்னால் அமர்ந்து, பல நாள்களுக்குப் பிறகு, "எந்திரி" என்று அதட்டினார். மாவு பாதி உயர்ந்திருந்தபோது உள்ளே மெல்லிய ஓசை கேட்டது. பல்பின் கண்ணாடி தன் பித்தளை அடியிலிருந்து கழன்று, விளக்கின் மேலிருந்த மூடியில் முட்டி உடைந்தது. அது ஃபிரிட்ஜுக்கான பல்பு. உருவமும் திருகும் ஒன்றே. ஆனால் குளிருக்கென்று ஒட்டப்பட்ட பசை, அடுப்பின் வெப்பத்தில் இளகிவிட்டது.

நான் சென்றபோது அவர் எழுந்து நின்று சுவரில் சாய்ந்திருந்தார். முக்காலி கவிழ்ந்து கிடந்தது.

"லைட்டு எரிஞ்சிட்டிருந்தவரைக்கும் கேக்கைத் தவிர ஒண்ணும் தெரியல சார். நின்னுபோச்சுன்னு நெனச்சேன். அணைஞ்சதும் பாத்தேன். கதவு பாதி திறந்திருக்கு." பிறகு தணிந்த குரலில், "எரிஞ்சிட்டிருந்தப்பவும் அது சும்மா இருக்கல" என்றார்.

அதற்குமேல் ஊகத்துக்கு இடம் தரக் கூடாது என்று, முதலில் அணைந்த பழைய பல்பைக் கேட்டு வாங்கினேன். குப்பைக்குப் போகாமல் அதை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார். அளவு பார்த்தேன்: திருகின் குறுக்களவு பதினான்கு மில்லிமீட்டர். கண்ணாடியின்மேல் அச்சிட்டிருந்த எழுத்துகள் வெப்பத்தில் முற்றும் அழிந்திருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. கேக்கக்கா அதைத் தம் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவர்போல் வாயருகே வைத்து மூச்சை ஊதினார். ஈரம் படிந்த கண்ணாடியில், படியாத இடம் மட்டும் எழுத்தாக எழுந்தது: பதினைந்து வாட், அதன் கீழே முந்நூறு டிகிரி. இருவரும் வாசித்து முடிப்பதற்குள் அது மங்கி மறைந்தது.

"யாரோ உள்ளேர்ந்து எழுதின மாதிரி இல்ல?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை முற்பகலில் ஓவன் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் நடைபாதையின் இருமருங்கும் பழைய ஓவன்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கதவிலும் கரிய கண்ணாடி. நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சாலையும், வெயிலும், நாங்கள் இருவரும் அவற்றில் வளைந்து நெளிந்து தொடர்ந்தோம். கேக்கக்கா நெற்றியோரம் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அந்த நடையைக் கடந்தார்.

மெக்கானிக் நல்ல பேச்சுக்காரர். "ஃபிரிட்ஜ் பல்பைப் போட்டுட்டு வந்திருக்கீங்களா? வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்கக்கா. தையல் மெஷின் பல்பைப் போட்டவங்களும் இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஒரு சிறு அட்டைப்பெட்டியை எடுத்தார். பெட்டியின்மேல் அச்சு தெளிவாக இருந்தது: பதினைந்து வாட், முந்நூறு டிகிரி. திருகை அளந்து சரிபார்த்தேன். "இது சூட்டுக்கே பொறந்தது. ஓவன் செத்தாலும் இது சாகாது" என்றார் அவர்.

"சாகாதா? நிச்சயமாவா?" என்று கேக்கக்கா கேட்டார்.

"ஏன்க்கா, சாகணுமா?"

கேக்கக்கா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியைப் பைக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, துணியால் பிடித்துப் பல்பைத் திருகினேன். பொருந்தியது. ஓவனின் உட்புறம் முழுவதும் மஞ்சள் ஒளி நிறைந்தது. கேக்கக்கா தட்டை உள்ளே வைத்து, முக்காலியைப் போட்டு அமர்ந்தார். சற்று நேரத்தில் தம்பி சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். குனிந்து, அக்காவின் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தார்.

"கேக்தானே தெரியுது? எங்க உன் கதவு?"

"லைட்டு வந்துடுச்சுல்ல."

"அவ்ளோதானா? இதுக்கா என்னை வாரம் பூரா தூங்க விடாம பண்ணின?"

"நீ தூங்காதது உன் பொண்டாட்டி குறட்டையில. என் தலையில கட்டாதே."

"சரி, பெட்டி எங்க?"

"பரண்ல ஏத்திட்டேன். உக்காரு, வெந்ததும் சூடா ஒரு துண்டு தின்னுட்டுப் போ."

தம்பி உரக்கச் சிரித்தார். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய தெளிவு இருந்தது. அக்காவின் தலையில் இருந்த இரண்டாவது கண்ணாடியைத் தட்டிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போனார். அவருடைய காலடி ஓசை படிகளில் தேய்ந்தது.

சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். வெனிலா மணம் மெல்லப் பரவத் தொடங்கியது. மாவு ஓரங்களில் பொன்னிறம் கொண்டு, நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஓவனில் அவ்வளவு அழகாக எழுந்த கேக்கை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"இனி நிம்மதிதானே?" என்றேன்.

கேக்கக்கா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"இருட்டா இருந்தப்போ, அது எங்க நிக்குதுன்னாவது தெரிஞ்சுது சார்" என்றார்.

நான் அலமாரியில் சாய்ந்து நின்றிருந்தேன். சிற்றறையின் கதவு என் வலக்கண்ணின் ஓரத்தில் இருந்தது. தலையைத் திருப்பினால் பார்த்துவிடலாம். நான் திருப்பவில்லை.

கேக்கக்கா மெல்ல எழுந்து, முக்காலியின் விளிம்பை இரு கைகளாலும் பற்றி, ஓசையில்லாமல் அதை இடப்புறமாக ஒரு முழம் நகர்த்திப் போட்டு மீண்டும் அமர்ந்தார். ஒளிரும் கண்ணாடியின் ஒரு பாதி அவருக்கு எதிரே இருந்தது. மறுபாதிக்கு எதிரே, இன்னொருவர் குனிந்து நின்று பார்க்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.