கல்லறைப் பூ

திருப்பூர் நெருப்பெரிச்சலில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தோட்டம் உண்டு. அதை ஒட்டித்தான் எங்கள் தையல் யூனிட். புரட்டாசிக் கடைசி மழையில் அந்தத் தோட்டத்தில் எதுவோ முளைத்துப் பூத்தது. நீளத் தண்டு, உச்சியில் சிலந்திக் கால் மாதிரி வெள்ளை இதழ்கள். தோண்டினால் பெரிய வெங்காயம் அளவுக்குக் கிழங்கு.

ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போனில் படம் எடுத்துத் தேடினேன். அது மூன்று பெயர் காட்டியது. நர்சரிக்காரர் நான்காவதாக ஒன்று சொன்னார். என் வீட்டுக்காரர் காட்டு வெங்காயம் என்று முடித்துவிட்டார்.

கடைசியில் ஒரு கிழங்கைப் பூவோடு யூனிட்டுக்கே எடுத்துப் போனேன். ஓவர்லாக் தைக்கும் தூத்துக்குடிப் பெண் அதைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டாள்.

“எங்கூர்ல கல்லறையில இதத்தான்க்கா வைப்போம். வருசா வருசம் தானா பூக்கும்.”

வீட்டுக்காரர் காதில் அது விழுந்ததுதான் தாமதம், மனுசன் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். கல்லறைப் பூ குடியிருக்கும் வீட்டுக்கு ஆகாதாம். எனக்கும் திக்கென்றுதான் இருந்தது, தடுக்கவில்லை. மதியத்துக்குள் அத்தனை கிழங்கும் பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் குவியலருகே குத்தவைத்து, நல்ல கிழங்குகளாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்டேன். அவள் அம்மாவின் கல்லறைக்காம். கல்லறைத் திருநாளுக்கு ஊர் போகிற பக்கத்து ரூம்காரரிடம் கொடுத்து நடச் சொல்லப் போகிறாளாம்.

நீ போகவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

“இந்த வருசமும் ஷிப்மென்ட் இருக்குல்லக்கா. கிழங்காவது போவட்டும்.”

அப்போதுதான் உறைத்தது. போன வருடம் இதே திருநாளுக்கு அம்மா கல்லறைக்குப் போக அவள் லீவு கேட்டாள். ஷிப்மென்ட் முடியட்டும் என்று சொன்னவள் நான்தான். சொன்னதை மறந்தும் போயிருந்தேன். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேர் தெரியாத பூவுக்காக ஒரு வாரம் அலைந்தவள், கண்ணெதிரே தைக்கிறவளுக்கு அம்மா இல்லை என்பதை மறந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“நீயே கொண்டு போய் நடு கண்ணு” என்றேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். “அப்போ மிஷினு?”

அந்த நாலு நாளும் அவள் மிஷினில் நானே உட்கார்ந்தேன். செக்கிங்கில் பாதிப் பீஸ் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பூ ஒன்றும் இல்லை. ஈர மண்ணும், அதன்மேல் சேறு ஒட்டிய அவள் கைகளும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொரு பீஸும் கோணலாகிவிட்டது.