பூசணம் பிடித்த டியூப்

அந்த டியூபைக் கழுவிவிட்டவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், இல்லாவிட்டால் பேட்ரிசியா எங்கிருந்தாலும் சண்டைக்கு வந்துவிடுவாள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டரின் மகள் அவள். 1961-இல் பாலக்கரையில் டாக்டர் அமிர்தராஜின் கிளினிக்கில் அவள் லேப் பார்த்தாள், நான் கம்பவுண்டர். தினமும் சைக்கிளில்தான் வருவாள். யாராவது முறைத்துப் பார்த்தால் மணியை அடித்துக்கொண்டே போவாள்.

அந்த மே மாதம் ஸ்ரீரங்கத்துப் பூந்தோட்டக்காரர் பிச்சமுத்து தன் பதினைந்து வயது மகள் சந்திரம்மாளை அழைத்து வந்தார். ரோஜா முள் குத்திய விரலில் ஒரு கட்டி. அங்கிருந்து முழங்கை வரை வரிசையாகக் கட்டிகள், சில உடைந்து புண்ணாகியிருந்தன. ஊரார் குஷ்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டாக்டர் பஞ்சால் தடவிப் பார்த்தார். எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தது.

"இது குஷ்டம் இல்லைங்க. முள்ளு வழியா பூஞ்சை உள்ள போயிருக்கும்னு சந்தேகப்படறேன்."

"சந்தேகம்னா எப்படிங்க டாக்டரய்யா? ஊர்ல இருக்க விடமாட்டேங்கிறாங்க. நிச்சயமா சொல்லுங்க, நம்புறேன்."

சீழெடுத்து டியூபில் வளர்த்தோம். லேபில் பூசணம் பிடித்த டியூப் என்றால் கெட்டுப்போனது, கொதிக்கவைத்துக் கழுவ வேண்டியது. பழக்க தோஷம், ஒரு நாள் காலையில் அதையும் கழுவிவிட்டேன். நோயே அந்தப் பூசணம்தான் என்று எனக்கு உறைக்கவில்லை! பேட்ரிசியா அன்று என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது.

மறுபடி சீழெடுத்தோம். பிச்சமுத்துவோ, திங்கட்கிழமை மகளைக் குஷ்டரோகிகள் இல்லத்தில் விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். மே மாதச் சூட்டில் அந்தப் பூஞ்சை சரியாக வளராது என்று, பேட்ரிசியா டியூபைத் தண்ணீர்ப் பானையடி ஈரமணலில் புதைத்துவைத்தாள். மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தாள். ஆறாம் நாள், சனிக்கிழமை, ஒரு கூச்சல்.

"அண்ணே, ஓடியாங்க! வந்திருச்சு! தொட்டீங்கன்னா பாருங்க!"

வெள்ளையாகத் தொடங்கி ஓரத்தில் கருத்துக்கொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பில் மெல்லிய நூல், நுனியில் குட்டிப் பூங்கொத்து. டாக்டர் பார்த்துவிட்டுக் குதிக்காத குறைதான். என் பக்கம் திரும்பினார். "அதேதான்! சவரிராயன், அயோடைடு கரைசல் போடுங்க!" பாலில் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, நாளாக நாளாகக் கூட்ட வேண்டிய மருந்து. மூன்று மாதத்தில் கை முழுக்க ஆறிவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதைவிடப் பெரிது அந்த ஞாயிற்றுக்கிழமை.

சர்ச்சில் பூசை முடிந்ததும் டியூபும் மருந்துமாகப் பேட்ரிசியா சைக்கிளை மிதித்தாள். காவிரிப் பாலத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். குடிசை வாசலில் துணி மூட்டை தயாராக இருந்தது. தாய் வீரம்மாள் தள்ளி நின்றிருந்தாள். நாலு மாதமாக அவள் மகளைத் தொடவில்லையாம்.

"பூஞ்சைதாங்க, கண்டுபிடிச்சிட்டோம்! மருந்து இருக்கு. ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டாது," என்று சொல்லி, பேட்ரிசியா சந்திரம்மாளின் நல்ல கையைப் பிடித்துத் தாயின் கையில் வைத்தாள்.

வீரம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வலிக்குதும்மா, விடு," என்றாள் சந்திரம்மாள்.

அவள் விடவில்லை.