கல்தூணில் ஒரு வெள்ளைத் துண்டு

குறியியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரு பொருளைப் பார்த்து, அதில் மக்கள் என்ன அர்த்தத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று படிப்பது, அவ்வளவுதான். தேனியில் ஒரு கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. மேசையில் திருத்த வேண்டிய ஆய்வேடுகள் கிடக்கின்றன. எதைத் திறந்தாலும் கொட்டாவி வருகிறது.

போன மாதம் அக்கா போன் செய்தாள். கம்பத்துக்குத் தெற்கே அவளுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். அவள் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஏலே, நாளைக்கு நம்ம தோட்டத்துல கவாத்து. என்னைய உள்ள வரக்கூடாதுங்குறான் எங் கொழுந்தன். ஏன்டான்னு கேட்டா ஒம் புத்தகத்தக் கொண்டாந்து காட்டுறான். என்னத்தடா எழுதித் தொலைச்ச?"

எழுதியது எனக்கு மறக்குமா என்ன! கொடியை வெட்டிவிடுகிற கவாத்து நாளில், தோட்டத்து வாசல் கல்தூணில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டுவார்கள். முனைவர் பட்டத்துக்காக அலைந்த காலத்தில், இது எதற்கு என்று தோட்டம் வைத்திருந்த ஒரு சம்சாரியிடம் கேட்டேன். "அது ஒரு அடையாளம்ப்பா" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. எதற்கு அடையாளம் என்று அடுத்த கேள்வி கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். அன்று கொடி அறுபடும் நாள். வெள்ளை, தாலி அறுத்தவளின் நிறம். ஆகவே அந்தத் துண்டு அவளைப் பார்த்து 'உள்ளே வராதே' என்கிறது. தேர்வாளர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் தனியாகப் பாராட்டினார்கள். அப்புறம் அது புத்தகமாயிற்று. கம்பத்தில் ஒரு கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி, என்னை அதைப் பற்றிப் பேசவும் வைத்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, கண்றாவி.

ஒரு நாள்தானே, போனால் போகட்டும் என்று விட முடியாது. கவாத்தன்று கூடவே நின்று, எந்தக் கொடியில் எத்தனை கணு விட்டு வெட்டுவது என்று யார் சொல்கிறார்களோ, அவர்கள் பேச்சைத்தான் ஆட்கள் அறுவடை வரைக்கும் கேட்பார்கள். இந்தத் தடவை கொழுந்தன் சொல்லிவிட்டால், அப்புறம் மருந்தடிக்கச் சொல்வதும் அவர், வியாபாரியிடம் பேசுவதும் அவர். தோட்டம் பேருக்குத்தான் அக்காவுடையதாக இருக்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். உத்தமபாளையம் தாண்டும் வரை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, என்ன சொல்வது என்று யோசித்தேன். நான் போனபோது கொழுந்தன் துண்டைக் கட்டி முடித்திருந்தார். அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் சுவரில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மச்சான். நல்ல நேரத்துக்கு வந்தீக. மதினிகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க" என்றார் கொழுந்தன்.

"நான் எழுதுனது தப்பு. அப்படி ஒரு வழக்கமே கெடையாது. நானா நெனச்சு எழுதிட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "தப்புன்னா டாக்டர் பட்டம் குடுப்பாகளா? அக்காவுக்காகப் பேசுறீக. அன்னைக்கு மேடையில சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? அதச் சொல்லுங்க மொதல்ல."

எத்தனையோ பேருக்கு வாதம் செய்யக் கற்றுக்கொடுத்தவன் நான். எதையோ சொல்லி மழுப்பினேன், அவரும் விடவில்லை. நாங்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து வந்தாள். துண்டை அவிழ்த்து, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்ப் பழையபடி உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கவாத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மினி வேன் வந்தது. அந்த ரோட்டில் எல்லாத் தோட்டமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேன் நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனது. கொழுந்தன் திடுக்கிட்டுத் தூணைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏய், நிப்பாட்டுங்கப்பா!" என்று அதன் பின்னாலேயே ஓடினார்.

"பாத்துக்க" என்றாள் அக்கா. "எந்தத் தோட்டம்னு வண்டிக்காரனுக்குத் தெரியணும்ல. அதுக்குக் கட்டுற துண்டுடா இது. வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து நாந்தான் கட்டுறேன். ஊரெல்லாம் போயிக் கேட்டியே, என்ட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

கேட்கவில்லை. அவள் வீட்டில் தங்கி, அவள் போட்ட சோற்றைத் தின்றுதான் அந்த ஆய்வையே செய்தேன். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா துண்டை மறுபடியும் தூணில் கட்டினாள். திரும்பி வந்த வேன் அதைப் பார்த்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், அவர்களுக்கு முன்னால் அவள் உள்ளே போனாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த கொழுந்தன் வாய்க்கால் சுவரில் உட்கார்ந்தார். "அஞ்சு கணு விடுங்கப்பா, கொறைக்காதீக" என்று பந்தலுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.

நாலைந்து தோட்டம் தள்ளி இன்னொரு தூணிலும் வெள்ளைத் துண்டு. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண், சாப்பாட்டுத் தூக்குகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். வெறும் கழுத்து.

"உள்ள போகலையாம்மா?"

"நாங்க இன்னைக்குப் போகக்கூடாதுல்ல சார். எங்க மாமியா காலத்துல இதெல்லாம் இல்ல. யாரோ பெரிய படிப்புப் படிச்சவக புத்தகத்துல போட்டிருக்காகளாம்."

"அத எழுதுனது நாந்தாம்மா. தப்பா எழுதிட்டேன். நீங்க உள்ள போங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையெல்லாம் வியர்வை, காலெல்லாம் புழுதி. தண்ணீர் இருந்த தூக்கைத் திறந்து, மூடியில் ஊற்றி நீட்டினார்.

"வெயிலு தலையில ஏறிருச்சு போல. மொதல்ல இதக் குடிங்க சார்."

வாங்கிக் குடித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.