இப்ப வந்திருதேன்: மூன்று எழுத்துப் புராணம்

குழு நண்பர்களே, இன்று உங்கள் மடல் ஒன்றுக்கும் பதில் போட முடியவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

பாளையங்கோட்டை பிரௌசிங் சென்டரில் பக்கத்து நாற்காலியில் மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி. கணவர் துபாயில். சாட்டில் வருவதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, அது அவளுக்கு வராது. வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"எப்ப ஊருக்கு வாறியன்னு கேளுங்கக்கா" என்றாள். தட்டினேன். அவர் பி.ஆர்.பி. என்று மூன்று எழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

"என்னக்கா சொல்லுதாவ?"

"இப்ப வந்திருதேன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். நாற்காலியை விட்டு அசையமாட்டேன் என்கிறாள். பின்னால் காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைக்காரர் என்னை முறைக்கிறார், ஏதோ நான் போட்ட எழுத்து மாதிரி.

"வாறேன்னு சொல்லிட்டுல்லா போயிருக்காவ. நான் எப்படி எந்திரிக்க?"

என் பொறுமை போயிற்று. அந்த எழுத்துகளின் பிறப்பையே எடுத்து விளக்கினேன்.

"இந்தாம்மா, அமெரிக்காக்காரன் சாட்டுக்கு நடுவுல காப்பி குடிக்க எந்திரிச்சுப் போறதுக்குக் கண்டுபிடிச்சது இது. 'பி ரைட் பேக்'னு முழுசா தட்டச் சோம்பல், அதான் முதலெழுத்து மட்டும். இதையெல்லாம் ஒரு வாக்கா நெனச்சு உக்காரலாமா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப, எந்திரிச்சுப் போறவுக கண்டுபிடிச்சது. உக்காந்திருக்கவளுக்கு என்ன எழுத்துக்கா?"

தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.